மூன்றாவது வரி

முதுநிலை இயற்பியல் மாணவர்களுக்கு அண்டவியல் பாடத்தைத் தொடங்கும்போது, முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் மூன்று வரிகளை எழுதிவிடுவது பல ஆண்டுகளாக என் வழக்கம். பேரண்டத்தின் அளவு இரண்டு மடங்காகும்போது பொருளின் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது முதல் வரி. ஒளியின் அடர்த்தி பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது இரண்டாவது. இடம் எட்டு மடங்கு பெருகுவதோடு, ஒவ்வொரு ஒளித்துகளின் அலைநீளமும் இரட்டிப்பாகி அதன் ஆற்றல் பாதியாகிவிடுவதே இதற்குக் காரணம். பேரண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருள் ஆற்றலின் அடர்த்தி மாறுவதே இல்லை என்பது மூன்றாவது வரி. முதல் இரண்டு வரிகளை மாணவர்கள் தாங்களே தருவித்துவிடுவார்கள். மூன்றாவதற்கு மட்டும் நான் விளக்கம் சொல்லியாக வேண்டும். அது வெளியினுள் அடைத்து வைக்கப்பட்ட பொருள் போன்றதன்று, வெளிக்கே உரிய இயல்பு, ஆகவே வெளி விரிந்தாலும் ஒவ்வொரு கன மீட்டரிலும் அது அதே அளவுதான் இருக்கும் என்று சொல்லிக் கடந்துவிடுவேன்.

2025 மார்ச் 19 அன்று, டெசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இருள் ஆற்றல் நிறமாலைக் கருவியின் மூன்றாண்டு அளவீடுகள் வெளியாயின. அன்றிரவு அந்த ஆய்வுத்தாளின் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இனி மூன்றாவது வரியை அதே உறுதியோடு என்னால் எழுத முடியாது என்று தோன்றியது. அவ்வரி பொய்யாகிவிட்டது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால், கேள்வியே இல்லாத ஒரு கூற்றாக அதை எழுதிக் கடந்துபோகும் உரிமை எனக்கில்லை. அதற்கான காரணங்களை எனக்கு நானே விளக்கிக்கொள்ளும் முயற்சியே இந்தக் கட்டுரை.

மாறாத இந்த அடர்த்தியின், அதாவது மாறிலியின், கதை 1917ஆம் ஆண்டில் தொடங்குகிறது. பேரண்டம் அசையாமல் நிலைத்து நிற்பது என்று நம்பிய ஐன்ஸ்டைன், ஈர்ப்பினால் அது தன்மேலேயே சரிந்துவிடாமல் தாங்குவதற்காகத் தம் சமன்பாட்டில் லாம்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் ஓர் உறுப்பைச் சேர்த்தார். 1922இல் ஃபிரீட்மன், விரியும் பேரண்டமும் அதே சமன்பாட்டுக்குத் தீர்வுதான் என்று காட்டினார். விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்தில் விலகிச் செல்வதை 1929இல் ஹபிள் வெளியிட்ட பின்னர், தாங்கி நிற்க வேண்டிய அசையாப் பேரண்டமே இல்லாமல் போனதால், ஐன்ஸ்டைன் லாம்டாவைக் கைவிட்டார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, முற்றிலும் வேறொரு காரணத்துக்காக அது திரும்பி வந்தது.

அந்த மறுவருகையில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவருக்குப் பங்கு உண்டு. 1930 ஜூலை இறுதியில், பத்தொன்பது வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் புறப்பட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன் ஒன்று எவ்வளவு நிறையைத் தாங்கும் என்ற கணக்கை அந்தப் பயணத்திலேயே போட்டு, அதற்கு மேல் தாங்க முடியாத ஓர் எல்லை உண்டு என்று கண்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது இன்று நாம் அறிந்த எல்லை. அருகிலுள்ள துணை விண்மீனிலிருந்து பொருளை இழுத்துக்கொண்டு இவ்வெல்லையை நெருங்கும் வெண்குள்ள விண்மீன், அணுக்கரு வெடிப்பில் முழுவதுமாகச் சிதறுகிறது. இதுவே ஒன்று-ஏ வகை சூப்பர்நோவா. வெடிக்கும்போது இருக்கும் நிறை ஏறக்குறைய ஒன்றே என்பதால் வெளிப்படும் ஒளியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒளியின் உண்மை அளவு தெரிந்த விளக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால், அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். எல்லா வெடிப்புகளும் இந்த ஒரே வழியில்தான் நிகழ்கின்றனவா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

1998இல், சால் பெர்ல்மட்டர் தலைமையிலான குழுவும், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோர் இருந்த குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. விரிவு மெதுவாகிக்கொண்டு வரும் பேரண்டத்தில் அவை அவ்வளவு தொலைவுக்குச் சென்றிருக்க முடியாது. ஆகவே விரிவு வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முடுக்கத்துக்குக் காரணமானதற்கு இருள் ஆற்றல் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் அது ஏறத்தாழ 68 விழுக்காடு.

எதிர்க்குறி அழுத்தம் எப்படி விரிவை வேகப்படுத்துகிறது என்ற இடத்தில் என் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தடுமாறுகிறார்கள். அங்கே நின்றுதான் போக வேண்டும். ஒரு சைக்கிள் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாதாரணக் காற்று இருந்தால் அது பிஸ்டனை வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்குத் தன் ஆற்றலை இழக்கும். அதே உருளைக்குள், விரிந்தாலும் அடர்த்தி குறையாத ஏதோ ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பிஸ்டனை நாம் வெளியே இழுத்தால் உள்ளே இடம் கூடுகிறது. அடர்த்தி மாறாததால் மொத்த ஆற்றலும் கூடுகிறது. கூடிய ஆற்றல் இழுத்த கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியானால் உள்ளிருப்பது பிஸ்டனைத் தள்ளவில்லை. உள்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. இதுவே எதிர்க்குறி அழுத்தம்.

உள்நோக்கி இழுப்பது எப்படிப் பேரண்டத்தை வெளிநோக்கி விரிக்கும் என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேரண்டத்துக்குப் பிஸ்டன் கிடையாது. அழுத்தம் எங்கும் ஒன்றுபோல் இருப்பதால், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தை நோக்கித் தள்ளுவதோ இழுப்பதோ இல்லை. எஞ்சி நிற்பது ஈர்ப்பு மட்டுமே. பொதுச் சார்பியலில், நிறை மட்டுமல்லாமல் அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்குகிறது. ஆற்றல் அடர்த்தியோடு அழுத்தத்தின் மூன்று மடங்கைக் கூட்டியதே ஈர்ப்பின் வலிமையைத் தீர்மானிக்கிறது. அழுத்தம் எதிர்க்குறியோடு போதிய அளவு பெரிதாக இருந்தால், அந்தக் கூட்டுத்தொகையே எதிர்க்குறியாகி, ஈர்ப்பு விலக்கும் விசையாக மாறிவிடுகிறது. அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை டபிள்யூ என்ற எழுத்தால் குறிப்பார்கள். பொருளுக்கு அது சுழி. ஒளிக்கு மூன்றில் ஒன்று. இருள் ஆற்றலின் டபிள்யூ, கழித்தல் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான் அதன் ஈர்ப்பு விலக்கும் தன்மையுடையதாகும். சரியாகக் கழித்தல் 1 என்றால் அடர்த்தி என்றென்றைக்கும் மாறாது; அதுதான் லாம்டா, அதுதான் என் மூன்றாவது வரி. கழித்தல் 1ஐவிட மேலே இருந்தால் விரிவோடு அடர்த்தி மெல்லக் குறையும். கீழே இருந்தால், நம்புவதற்குக் கடினமாக இருந்தாலும், விரிய விரிய அடர்த்தி கூடும்.

லாம்டாவை ஏற்பதில் பழைய சங்கடம் ஒன்று உண்டு. குவாண்டம் கோட்பாட்டின்படி வெற்றிடம் உண்மையில் வெறுமையானதன்று. அதற்கும் ஆற்றல் உண்டு. அந்த ஆற்றலை எளிய வழியில் மதிப்பிட்டால், அளவிடப்பட்ட இருள் ஆற்றலைவிட, ஒன்றின் பின்னால் ஏறத்தாழ 120 சுழியங்கள் போட்ட மடங்கு பெரிதாக வருகிறது. அளவிடப்பட்டதோ, ஒரு கன மீட்டருக்கு மூன்று நான்கு புரோட்டான்களின் நிறைக்குச் சமமான மிகச் சிறிய அளவு. இவ்வளவு பெரிய எண் ஏன் இவ்வளவு சரியாக நீங்கி, இவ்வளவு சிறிய மிச்சத்தை மட்டும் விட்டுவைத்தது என்பதற்கு விடை இல்லை. புனேயில் பணியாற்றிய தாணு பத்மநாபன் இந்தச் சிக்கலோடு பல பத்தாண்டுகள் போராடியவர். 2003இல் அவர் எழுதிய நீண்ட மீள்பார்வைக் கட்டுரையின் வழியாகத்தான் அதன் ஆழத்தை நான் உணர்ந்தேன். 2021இல் அவர் மறைந்தார். இந்த அளவீடுகளை அவர் பார்த்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

மாறும் இருள் ஆற்றல் என்பது டெசிக்குப் பிறகு அவசரமாகக் கண்டுபிடித்த எண்ணமன்று. முடுக்கம் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1988இல், பரத் ரத்ராவும் ஜிம் பீபிள்ஸும் ஒருபுறம், கிறிஸ்டோஃப் வெட்டெரிச் மறுபுறம், வெளியெங்கும் பரவி, காலத்தோடு மாறும் ஒரு புலத்தின் ஆற்றல் பேரண்டத்தின் விரிவை ஆளக்கூடும் என்று எழுதினார்கள். சரிவான ஒரு நிலத்தில் மெல்ல உருண்டு இறங்கும் குண்டுபோல அந்தப் புலத்தைக் கற்பனை செய்யலாம். பேரண்டத்தின் விரிவே அதற்கு உராய்வாக அமைகிறது. தொடக்கத்தில் விரிவு மிக வேகமாக இருந்தபோது உராய்வும் மிகுந்திருந்தது; விளக்கெண்ணெய்க்குள் போட்ட கோலிக்குண்டு போலப் புலம் நகராமல் நின்றது. நகராத புலத்தின் டபிள்யூ கழித்தல் 1; ஆகவே அது லாம்டாவைப் போலவே தோற்றமளிக்கும். விரிவின் வீதம் தணியத் தணிய எண்ணெய் நீர்த்துப்போகிறது, குண்டு உருளத் தொடங்குகிறது, டபிள்யூ கழித்தல் 1இலிருந்து மேலே விலகுகிறது. இவ்வகைப் புலங்களை உருகுபவை என்றும், இதற்கு நேர்மாறாக, முதலில் உருண்டு பின்னர் நிலைகொள்பவற்றை உறைபவை என்றும் ஆய்வாளர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

இதை அளப்பது எப்படி? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், தொஹோனோ ஓடம் மக்களுக்குச் சொந்தமான நிலத்தில், அவர்கள் யோல்கம் துவாக் என்று அழைக்கும் கிட் பீக் மலைமேல் மேயால் தொலைநோக்கி நிற்கிறது. நான்கு மீட்டர் ஆடி கொண்ட, 1973 முதல் இயங்கிவரும் பழைய தொலைநோக்கி. அதன் குவிய இடத்தில்தான் டெசி பொருத்தப்பட்டிருக்கிறது. 5,000 சிறு ரோபோக்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் தலைமுடியை ஒத்த பருமனில், 107 மைக்ரான் விட்டமுள்ள ஓர் ஒளியிழை. வானத்தின் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தொலைநோக்கி திரும்பியதும், 5,000 இழைகளும் சில நிமிடங்களுக்குள் ஒரு சில மைக்ரான் துல்லியத்தில் தத்தம் விண்மீன் மண்டலத்தின் பிம்பத்துக்கு நேராக நகர்ந்து நிற்கின்றன. ஒளி இழை வழியே கீழே உள்ள பத்து நிறமாலைமானிகளுக்கு இறங்குகிறது. 2022 ஜூனில் காட்டுத்தீ மலையுச்சிவரை ஏறி வந்து சில கட்டடங்களை எரித்தது. தொலைநோக்கி தப்பியது, அவ்வாண்டு செப்டம்பரில் பணி மீண்டும் தொடங்கியது.

ஒரே ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொள்வோம். புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் ஒரு மண்டலத்தில், அயனியாக்கப்பட்ட ஆக்சிஜன் 372.6, 372.9 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு கோடுகளை வெளியிடுகிறது. அவ்வளவு நெருக்கமான இரட்டைக் கோடு நிறமாலையில் வேறு எதனோடும் குழம்பாது. அதுதான் அதன் பயன். அந்த இரட்டைக் கோடு டெசியின் நிறமாலையில் 745 நானோமீட்டருக்கு அருகே தெரிந்தால், ஒளி புறப்பட்ட நாளிலிருந்து பேரண்டம் இரண்டு மடங்காக விரிந்திருக்கிறது என்று பொருள். இருபது நிமிடம்போல ஒளியைச் சேகரித்தால் 5,000 மண்டலங்களுக்கு இப்படி ஒரு விடை கிடைக்கிறது. மூன்றாண்டுகளில் சேர்ந்தவை 1.4 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களும், மிகத் தொலைவிலிருந்தும் பிரகாசமாகத் தெரியும் மண்டல மையங்களான குவாசர்களும்.

ஒளியின் அலைநீளம் இப்படி நீள்வதே செம்பெயர்ச்சி. பேரண்டம் எவ்வளவு விரிந்தது என்பதைத்தான் அது சொல்லும். எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அது இயற்கையே வைத்த அளவுகோல். பிறந்து 3.8 லட்சம் ஆண்டுகள் வரையில் பேரண்டம் சூடான பிளாஸ்மாவாக இருந்தது. அதில் அடர்ந்த இடங்களிலிருந்து ஒலி அலைகள் பரவின. பிளாஸ்மா குளிர்ந்து அணுக்கள் உருவானதும் அலைகள் அப்படியே உறைந்தன. அந்த அலைகள் கடந்திருந்த தூரம், இன்றைய அளவில் ஏறக்குறைய 48 கோடி ஒளியாண்டுகள். அதனால், இரண்டு விண்மீன் மண்டலங்கள் 48 கோடி ஒளியாண்டு இடைவெளியில் இருப்பதற்கான வாய்ப்பு, அதற்குச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆயிரம் பேர் ஒரே முற்றத்தில் ஒருவர் போட்டதன் மேலேயே இன்னொருவர் புள்ளிக்கோலம் போட்டால் கண்ணுக்குக் குழப்பமே மிஞ்சும். ஆனால் எல்லாரும் புள்ளிக்குப் புள்ளி ஒரே இடைவெளி விட்டிருந்தால், புள்ளிகளை இரண்டிரண்டாக எடுத்து அளந்து எண்ணும்போது அந்த இடைவெளி தனியே மேலெழும். டெசி செய்வது அதைத்தான். வெவ்வேறு காலங்களில் அந்த இடைவெளி வானில் எவ்வளவு கோணத்தில் தெரிகிறது என்று பார்த்து, விரிவின் வரலாற்றைப் படிப்படியாக மீட்டெடுக்கிறது. விடையை முன்கூட்டியே அறிந்துகொண்டு பகுப்பாய்வை அதை நோக்கி வளைத்துவிடக் கூடாது என்பதற்காக, தரவுகளை வேண்டுமென்றே மாற்றி மறைத்துவைத்து, முறைகள் எல்லாம் முடிவான பிறகுதான் உண்மை எண்களைத் திறந்தார்கள். இந்த ஒழுக்கத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

2024 ஏப்ரலில் வெளியான முதலாண்டு அளவீடுகளிலேயே லாம்டாவிலிருந்து விலகும் ஒரு சாய்வு தென்பட்டது. மூன்றாண்டு அளவீடுகளில் அது மறையாமல் வலுத்தது. டெசியையும், பேரண்டத்தின் தொடக்க காலத்து ஒளியின் எச்சமான அண்ட நுண்ணலைப் பின்னணியையும் மட்டும் சேர்த்துப் பார்த்தால், மாறும் இருள் ஆற்றல் லாம்டாவைவிட 3.1 சிக்மா அளவுக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க எவ்வளவு குறைவான வாய்ப்பு என்பதைச் சொல்லும் அளவே சிக்மா; அது கூடக் கூட நம்பிக்கையும் கூடும். சூப்பர்நோவாத் தொகுப்புகளையும் சேர்த்தால், எந்தத் தொகுப்பு என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இத்துறையில் வழங்கும் அளவு 5 சிக்மா.

அன்றிரவு நான் நோட்டுப் புத்தகத்தில் போட்ட கணக்கு இதுதான். டபிள்யூவின் மாற்றத்தை, செவாலியேயும் போலார்ஸ்கியும் 2001இலும், எரிக் லிண்டர் 2003இலும் எழுதிய எளிய வடிவில், இன்றைய மதிப்பு, மாறும் வீதம் என்ற இரண்டு எண்களால் குறிக்கிறார்கள். சூப்பர்நோவாத் தொகுப்புகளில் மிக வலுவான சாய்வைக் காட்டியதைச் சேர்த்தால், இன்றைய மதிப்பு ஏறத்தாழ கழித்தல் 0.75; மாறும் வீதம் ஏறத்தாழ கழித்தல் 0.86. இவற்றை அடர்த்தியின் சமன்பாட்டில் இட்டால், பேரண்டம் இன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்காக இருந்தபோது இருள் ஆற்றலின் அடர்த்தி இன்றைய அளவில் முக்கால் பங்கே இருந்திருக்கிறது. பிறகு அது கூடிக்கொண்டே வந்து, பேரண்டம் இன்றைய அளவில் 71 விழுக்காடாக இருந்தபோது உச்சத்தைத் தொட்டது. அப்போதைய அடர்த்தி இன்றையதைப் போல 1.13 மடங்கு. அதன் பின்னர் குறைந்துகொண்டு வருகிறது. அந்த உச்சம் எப்போது என்று பார்த்தேன். இன்றிலிருந்து ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் பூமி உருவாகியும் அவ்வளவு காலம்தான் ஆகிறது. இந்த இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் அந்த எண்ணை எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இந்த மதிப்புகள் சரியென்றால், இந்த மண்ணின் முழு வரலாறும் தணிந்துவரும் இருள் ஆற்றலின் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

முடுக்கத்தையும் கணக்கிட்டேன். லாம்டா என்றால் இன்றைய முடுக்கத்தைக் குறிக்கும் எண் 0.5ஐச் சற்றே தாண்டும். இந்த மதிப்புகளில் அது 0.27 அளவில் நிற்கிறது. அதாவது, விரிவு இன்னும் வேகமெடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நாம் பாடத்தில் சொல்லிவரும் முடுக்கத்தில் ஏறக்குறைய பாதிதான்.

இனி என்னைக் கவலைப்படுத்தும் பகுதி. உச்சத்துக்கு முன்பு, பேரண்டம் விரிந்துகொண்டே இருக்க இருள் ஆற்றலின் அடர்த்தி கூடிக்கொண்டு வந்திருக்கிறது. டபிள்யூ கழித்தல் 1க்குக் கீழே இருந்திருக்கிறது. எண்ணெயில் உருளும் குண்டால் இதைச் செய்ய முடியாது. எளிய புலம் எதுவும் கழித்தல் 1 என்ற கோட்டை ஒருபுறமிருந்து மறுபுறம் கடக்காது. கடந்தே ஆக வேண்டுமென்றால், ஒன்றுக்கு மேற்பட்ட புலங்கள் இருக்க வேண்டும், அல்லது இருள் ஆற்றல், ஒளியை வெளியிடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் இருள் பொருளோடு ஆற்றலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும், அல்லது பொதுச் சார்பியலே பேரளவுகளில் மாற வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் நான் இன்னும் மனம் சாயவில்லை. இரண்டே எண்களால் ஒரு நேர்கோடாக எழுதியதன் விளைவே இந்தக் கடத்தல் என்ற சாத்தியத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன். கழித்தல் 1ஐ ஒருபோதும் கடக்காத, சமீப காலத்தில் மட்டும் வேகமாக உருகத் தொடங்கிய புலத்தை இந்த நேர்கோட்டு வடிவில் பொருத்தினாலும், கோடு பழங்காலத்தை நோக்கி நீளும்போது கடந்ததுபோலவே காட்டும். அடர்த்தி இன்று குறைந்துவருகிறது என்பதைத் தரவு ஓரளவு உரக்கவே சொல்கிறது. முன்பு அது கூடிவந்தது என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

சூப்பர்நோவாக்களின் மேலும் நியாயமான ஐயங்கள் எழுந்திருக்கின்றன. கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் எஃப்ஸ்டாத்தியூ, மிக வலுவான சாய்வைக் காட்டிய தொகுப்பில் அருகிலுள்ளவற்றுக்கும் தொலைவிலுள்ளவற்றுக்கும் இடையே ஒளிர்வில், வானியலாளர்கள் பயன்படுத்தும் மாக்னிட்யூட் என்ற அலகில், 0.04 அளவுக்கு ஒரு பொருந்தாமை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அருகிலுள்ளவை வேறு தொலைநோக்கிகளால், வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்டவை. அவ்வளவு சிறிய பிசகு போதும், இந்தச் சாய்வின் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்தத் தொகுப்பை உருவாக்கிய குழுவே பின்னர் தன் அளவுத்திருத்தத்தை மீண்டும் செய்தபோது சிக்மா குறைந்தது; ஆனால் மறைந்துவிடவில்லை. வெவ்வேறு வயதுள்ள வெண்குள்ள விண்மீன்கள் ஒரே ஒளிர்வோடுதான் வெடிக்கின்றனவா என்ற, முன்சொன்னதோடு ஒட்டிய கேள்வியும் இங்கே வந்து நிற்கிறது.

எனினும், சூப்பர்நோவாக்களை முழுதும் ஒதுக்கிவிட்டாலும் டெசிக்கும் நுண்ணலைப் பின்னணிக்கும் இடையே பிணக்கு இருக்கிறது. இதை, மிகச் சிறிய நிறையுள்ள நியூட்ரினோ என்ற துகள்களின் வழியாகப் பார்ப்பது எனக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. மூன்று நியூட்ரினோக்களின் நிறைகளைக் கூட்டினால் குறைந்தது 0.059 எலக்ட்ரான்வோல்ட் இருந்தாக வேண்டும் என்பது பூமியிலுள்ள சோதனைகளிலிருந்து தெரியும். லாம்டாவை வைத்துக்கொண்டு டெசியின் அளவீடுகளைப் பொருத்தினால், மொத்த நிறை 0.064க்குள் இருக்க வேண்டும் என்று வருகிறது. அதுவும் எண்கள் சுழியை நோக்கி, அதற்கும் கீழே, இழுக்கின்றன. நியூட்ரினோவுக்கு நிறையே இல்லை என்பதுபோல. இருள் ஆற்றலை மாறவிட்டால் மேல்வரம்பு 0.16 வரை தளர்ந்து, நெருக்கடி தீர்கிறது. ஒரு சிக்கலுக்காகக் கொண்டுவந்த மாற்றம் கேட்காமலேயே இன்னொன்றையும் இளக்கும்போது நான் கவனம் கொள்கிறேன். அதே நேரத்தில், இன்றைய விரிவு வீதத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலியின், வெவ்வேறு முறைகளில் கிடைத்த இரு மதிப்புகளான 67க்கும் 73க்கும் இடையிலான பழைய பிணக்கை இது தீர்க்கவில்லை. எண்ணைச் சற்றுக் கீழே தள்ளி, இடைவெளியை இன்னும் கூட்டுகிறது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பேரண்டத்தின் கடந்த காலம் இதனால் பெரிதாக மாறிவிடாது. பேரண்டத்தின் வயது ஏறக்குறைய அதே 1,380 கோடி ஆண்டுகள்தான். முதல் விண்மீன்களும் மண்டலங்களும் பிறந்த காலத்தில் பொருளின் அடர்த்தியே மேலோங்கியிருந்தது. இருள் ஆற்றலுக்கு அங்கே குரலே இல்லை. ஏறத்தாழ 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விரிவு முடுகத் தொடங்கிய பிறகுதான் அது மண்டலக் கொத்துகளின் வளர்ச்சியைத் தடுக்கத் தொடங்கியது. சிறு கட்டமைப்புகள் சேர்ந்து பெரியவையாகும் வேகம் அதன் பின்னர் தளர்ந்தது.

எதிர்காலம்தான் முழுவதுமாகத் திறந்துகொள்கிறது. டபிள்யூ என்றென்றும் கழித்தல் 1 என்றால் முடிவு நமக்குத் தெரியும். நம் பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் அவற்றைச் சுற்றியுள்ள சிறு மண்டலங்களும் ஈர்ப்பால் பிணைந்து நிற்கும். மற்ற எல்லாம் ஒவ்வொன்றாகச் செம்பெயர்ச்சிக்குள் மங்கி மறையும். இன்று ஏறக்குறைய 1,600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் மண்டலத்திலிருந்து இந்த நொடியில் புறப்படும் ஒளி, எத்தனை காலம் காத்திருந்தாலும் நம்மை வந்தடையாது. நான் இதை வகுப்பில் சொல்லும் நாளில் அறை சற்று அமைதியாகிவிடும். டபிள்யூ நிரந்தரமாகக் கழித்தல் 1க்குக் கீழே இருந்தால் என்ன ஆகும் என்பதை 2003இல் கால்ட்வெல், கமியோன்கோவ்ஸ்கி, வைன்பெர்க் ஆகியோர் கணக்கிட்டார்கள். டபிள்யூ கழித்தல் 1.5 என்றால் ஏறத்தாழ 2,200 கோடி ஆண்டுகளில் அனைத்தும் கிழிபடும். முடிவுக்கு 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதி சிதறும், சில மாதங்களுக்கு முன் கோள்கள் சூரியனிடமிருந்து பிரியும், அரை மணி நேரத்துக்கு முன் பூமி வெடிக்கும். டெசியின் இன்றைய மதிப்பு கழித்தல் 1க்கு மேலே இருப்பதால், இந்தக் கிழிபடலை நோக்கித் தரவு சாயவில்லை.

சாய்வதெல்லாம் மூன்றாவது வழியை நோக்கி. இருள் ஆற்றல் தொடர்ந்து தணிந்தால் முடுக்கம் ஒரு நாள் நின்றுவிடும். விரிவு தொடரும், ஆனால் மெதுவாகிக்கொண்டே; அந்த 1,600 கோடி ஒளியாண்டு எல்லை கலைந்து, மறைந்துபோனதாக நாம் எழுதிவைத்த மண்டலங்களின் ஒளி மிகப் பிந்தியாவது வந்து சேரும். புலம் உருண்டு இறங்கும் சரிவு சுழிக்குக் கீழே போகுமானால், விரிவே நின்று சுருக்கம் தொடங்கவும் கூடும். இவற்றில் எது என்பதைக் கடந்த காலத்தின் அளவீடு எவ்வளவு துல்லியமானாலும் தனியாகச் சொல்லிவிட முடியாது. சரிவின் முழு வடிவமும் தெரிந்தாக வேண்டும். மாறிலி என்று நம்பியபோது இன்றைய ஒரே எண்ணை வைத்து எல்லாக் காலத்துக்கும் எழுதிவைத்தோம். அந்த வசதி போய்விடும்.

2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலம் மண்டலங்களின் உருவங்களை அளந்துகொண்டிருக்கிறது. சிலியின் ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. பத்தாண்டுகளில் அது சேர்க்கவிருக்கும் சூப்பர்நோவாக்கள், ஒரே கருவியால், ஒரே அளவுத்திருத்தத்தோடு எடுக்கப்பட்டவையாக இருக்கும். எஃப்ஸ்டாத்தியூ எழுப்பிய ஐயத்துக்கு அங்கேதான் விடை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

சென்ற பருவத்தின் முதல் வகுப்பில், வழக்கமான மூன்று வரிகளில் இரண்டை மட்டும் எழுதினேன். மூன்றாவதன் இடத்தில் அடர்த்தியின் சமன்பாட்டை டபிள்யூவோடு எழுதி, வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் முன்சொன்ன மதிப்புகளையும், மறு பாதியிடம் வேறொரு சூப்பர்நோவாத் தொகுப்போடு கிடைத்த கழித்தல் 0.84, கழித்தல் 0.62 என்ற மதிப்புகளையும் கொடுத்து, உச்சத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். முதல் பாதி 1.13 என்று சொன்னது, 450 கோடி ஆண்டுகளுக்கு முன். மறு பாதிக்கு 1.07 வந்தது, 400 கோடி ஆண்டுகளுக்கு முன். முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "இதில் எது சரி, மேடம்?" என்று கேட்டாள். லாம்டாவுக்கு உரிய 1.00 என்பதையும் அவற்றுக்குப் பக்கத்தில் எழுதினேன். மணி அடித்தபோது மூன்று எண்களும் பலகையில் இருந்தன. நான் எதையும் அழிக்கவில்லை.